எட்டாத தாழ்ப்பாள்

"தாழ்ப்பாளை எங்க வைக்கணும்?" என்று தச்சர் கேட்டார்.

பெரியவன் கதவுக்கு முன்னால் போய் நின்றான். வலது கையைத் தலைக்கு மேலே நன்றாக நீட்டி, விரல் நுனியால் மரத்தைத் தொட்டுக் காட்டினான்.

"இங்க."

தச்சர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். ஆனால் குறி போடவில்லை.

"முதலாளி, தப்பா நினைக்காதீங்க. தாழ்ப்பாள்னா கைக்கு எட்டணும். நீங்க ஒட்டடைக் குச்சிக்கு எட்டுற மாதிரி கேட்கிறீங்களே?"

"எங்க வீட்டுல அங்கதான் இருந்துச்சு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு தச்சரே. அதைப் பிடிக்க எம்பி எம்பிக் குதிப்பேன். ஒருதடவை வாளியைக் கவுத்துப்போட்டு ஏறினேன். அது உருண்டு, முழங்கையெல்லாம் சிராய்ச்சுக்கிட்டேன். அப்பவும் எட்டலை. உள்ள ஏதாவது தின்பண்டம் வெச்சிருந்திருப்பாங்க."

"அந்தக் காலத்து ஆளுங்க எல்லாம் பனைமர உயரமோ என்னமோ" என்று முனகிக்கொண்டே தச்சர் குறி போட்டார்.

பக்கத்தில் சுவருக்குப் பூச்சு பூசிக்கொண்டிருந்த மேஸ்திரி திரும்பினார். "அதை விடுங்க. இந்தச் சாமான் அறைக்கு ஒரு சின்ன ஜன்னலாவது வெச்சுக்கலாம் முதலாளி. காத்தே போகாது."

"வேண்டாம். எங்க வீட்டுல இல்லை."

அதற்கு மேல் பேச்சு கிடையாது. அந்தக் கட்டடத்தில் எந்தக் கேள்விக்கும் கடைசி பதில் அதுதான்.

பெரியவனுக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. ஊருக்கு அவன் டயர் கடை முதலாளி. தம்பிக்கு அண்ணன், மாமாவுக்கு மாப்பிள்ளை. பெரியவன் என்று கூப்பிட உலகத்தில் ஒரே ஒருத்திதான் இருந்தாள், அவன் அம்மா. அவள் அப்படிக் கூப்பிட்டு வருஷக்கணக்காகிவிட்டது. முதலில் அடுப்பில் வைத்த பாலை மறந்தாள். அப்புறம் தெருவை மறந்தாள், மருமகளின் முகத்தை மறந்தாள். கடைசியாகப் பெரியவனை மறந்தாள். இப்போதெல்லாம் அவன் அறைக்குள் நுழைந்தால் அவசரமாக எழுந்து நின்று, "ஓனர் வந்திருக்காரு பாரும்மா, நாற்காலி போடு" என்று மருமகளிடம் சொல்வாள். வாடகை வீட்டில் இருந்தார்களா, மகன் அவளுக்கு வீட்டு ஓனராகத் தெரிந்தான்.

"சரி, அடுத்த மாசத்துலேர்ந்து வாடகையைக் கூட்டிடறேன்" என்று அவனும் சிரித்து மழுப்புவான். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுவான். குழாயை மீறி எல்லாம் வெளியே கேட்கும்.

டாக்டர் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார்: "பழகின இடம், பழகின பொருள் கண்ணுல பட்டா ஞாபகம் கொஞ்சம் பிடி கொடுக்கும்." அவர் மனதில் இருந்தது பழைய தலையணை, பழைய டம்ளர். பெரியவன் வீட்டையே கட்டக் கிளம்பிவிட்டான்.

அவன் பிறந்த வீடு எப்போதோ இடிந்து, அந்த இடத்தில் இப்போது லாரி ஷெட் நிற்கிறது. ஒரு போட்டோகூடக் கிடையாது. அக்கா காய்ச்சலில் போன பிறகு, அந்த வீட்டில் இருக்கப் பிடிக்காமல் அப்பா எல்லாரையும் கிளப்பிக்கொண்டு வேறு ஊருக்கு வந்துவிட்டார். அப்போது பெரியவனுக்கு ஐந்து வயது. தம்பி கைக்குழந்தை. ஆனாலும் பெரியவன் கண்ணை மூடினால் அந்த வீடு அப்படியே எழுந்து நிற்கும். நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் மரத்தூண்கள், தூண்களுக்குப் பின்னால் அறைகள். வாசற்படியில் கையை ஊன்றித்தான் ஏற வேண்டும். முற்றத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடினால் மூச்சு வாங்கும்.

அந்த வீட்டை அப்படியே கட்டி, அம்மாவை உள்ளே அழைத்து வர வேண்டும். அவள் சுற்றிப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு தடவை "பெரியவனே" என்று கூப்பிட வேண்டும். அவன் கேட்டது அவ்வளவுதான்.

"இந்த முற்றத்துல நின்னு காபி கேட்டா அடுக்களைக்குக் கேட்காது. போன்தான் போடணும்" என்றார் மேஸ்திரி.

"நாம வீடு கட்டுறோமா, கோட்டை கட்டுறோமா?" என்றாள் மனைவி. "அடுக்களை அலமாரியைப் பார்த்தீங்களா? டப்பா எடுக்க ஏணி வேணும். அத்தைக்கு ஞாபகம் வருதோ இல்லையோ, எனக்கு முதுகுவலி வந்துடும்."

"எங்க வீட்டுல அப்படித்தான்" என்றான்.

இடித்த வீடுகளின் மரச்சாமான் விற்கும் கடைக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனான். வரிசையாகச் சாய்த்து வைத்திருந்த பழைய தூண்களை ஒவ்வொன்றாகக் கட்டிப் பிடித்துப் பார்த்தான். எல்லாவற்றிலும் அவன் கைகள் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துகொண்டன. "மெலிசு. இதுவும் மெலிசு. எங்க வீட்டுத் தூணைக் கட்டிப் பிடிச்சா கை சேராது."

கடைக்காரர் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார். "சார் தூண் வாங்க வந்தீங்களா, பொண்ணு பார்க்க வந்தீங்களா?"

மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டாள். தூண்களைப் புதிதாகவே கடைந்தார்கள். அந்தக் கடையில் அவனுக்குக் கிடைத்தவை வேறு: கால் கடைந்த கட்டில், பித்தளைப் பட்டை அடித்த மரப்பெட்டி, நீளப் பெஞ்சு, அப்புறம் ஒரு சாய்வு நாற்காலி. நாற்காலியைப் பார்த்ததும் விலைகூடக் கேட்காமல் வண்டியில் ஏற்றச் சொன்னான். அப்பாவுடையது இதே மாதிரிதான், கை வைக்கும் சட்டம் நீளமாக, முன்பக்கம் வளைந்து இருக்கும். அதை அப்பா போட்டுக்கொள்ளும் இடத்திலேயே போட்டான். முற்றத்து ஓரம், சாமான் அறைக் கதவுக்கு நேர் எதிரில்.

குடிவந்த அன்று அம்மாவைக் காரிலிருந்து இறக்கினார்கள். ஒரு பக்கம் மருமகள், ஒரு பக்கம் சின்ன மகன். வாசற்படியில் அவளைக் கிட்டத்தட்டத் தூக்கித்தான் ஏற்ற வேண்டியிருந்தது. உள்ளே வந்து நிமிர்ந்தாள். தூண்களைப் பார்த்தாள். முற்றத்தில் விழுந்த வெயிலைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் பிடித்திருந்த கைகளை உதறிவிட்டு, யாரும் காட்டாமலே வலது பக்கம் திரும்பி நேராக அடுக்களைக்குள் போனாள்.

"தண்ணி பிடிச்சு வெச்சாச்சா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

மருமகளுக்கு அழுகை வந்துவிட்டது. தம்பி அண்ணனின் முதுகில் ஓங்கித் தட்டினான். "ஜெயிச்சுட்டீங்கண்ணே!"

பெரியவன் பக்கத்திலிருந்த சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

அம்மா வெளியே வந்தாள். நாற்காலியில் அவனைப் பார்த்தாள். சட்டென்று நின்றாள். முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

"எப்ப வந்தீங்க?" குரல் மிகவும் சின்னதாக இருந்தது.

"இப்பதாம்மா."

'அம்மா' அவள் காதில் ஏறவில்லை. "காபி போட்டுக் கொண்டுவரட்டுங்களா?"

தம்பிதான் முதலில் சிரித்தான். "ஓனர்லேர்ந்து அப்பாவா புரமோஷன் கிடைச்சிருக்கு அண்ணே. பார்ட்டி எப்போ?" எல்லாரும் சிரித்தார்கள். பெரியவனும்தான். "அப்பா ஜாடை எனக்குத்தானே" என்றான். "பக்கத்துல வந்துட்டாங்க. நாளைக்கோ மறுநாளோ நான்தான்னு தெரிஞ்சுடும்."

அவன் மனைவி மட்டும் சாப்பிடும்போது சிரிப்பதை நிறுத்திவிட்டாள். அத்தை அவன் எதிரில் உட்காரவில்லை. தட்டைச் சத்தம் வராமல் வைத்தாள். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை வாயில் ஒரு பருக்கை வைக்கவில்லை. தண்ணீர் டம்ளரை எடுக்க அவன் கையை நீட்டியபோது, அவள் தலை ஒரு பக்கமாக ஒதுங்கியது. அடி வாங்கிப் பழகிய தலைதான் அப்படி ஒதுங்கும்.

சாப்பாடு முடிந்து வீடு அடங்கிய நேரம். மரத்தில் ஏதோ பிறாண்டும் சத்தம் கேட்டுப் பெரியவன் எட்டிப் பார்த்தான். அம்மா சாமான் அறைக் கதவில் ஒட்டிக்கொண்டு, குதிகாலைத் தூக்கி, கையை மேலே மேலே நீட்டிக்கொண்டிருந்தாள். தாழ்ப்பாள் அவள் விரலுக்கு ஒரு முழம் மேலே இருந்தது.

"என்னம்மா வேணும்?"

அவள் பதறித் திரும்பினாள். கைகளைப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"நான் தொறக்கலைங்க. சத்தியமாத் தொறக்கலை. சும்மா நின்னேன்."

"யாரும் ஒண்ணும் சொல்லலையேம்மா..."

"புள்ளைக்கு மூச்சு இழுப்பு ஜாஸ்தியா இருக்குங்க." அவள் குரல் அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி இறங்கியது. "இங்க வரைக்கும் கேட்குது. தொறந்து விட்டுடுங்க. இனிமே டைப் கிளாசுக்கே போக மாட்டா. நான் பொறுப்பு."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. தாழ்ப்பாளை இழுத்து, கதவைத் திறந்து, விளக்கைப் போட்டான். அலமாரியில் பாத்திரங்கள், மூலையில் அரிசி டிரம், ஒரு துடைப்பம். "பாரும்மா, யாரும் இல்லை."

அவள் உள்ளே பார்க்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். "கேட்டதுக்கே இவ்வளவு கோபமா?" என்றாள்.

அவன் கோபப்படவே இல்லை. ஆனால் அதை அவளிடம் சொல்ல வழி இல்லை.

அன்றிலிருந்து தினமும் இதுவேதான். மத்தியானம் ஆனால் கதவில் நகம் பிறாண்டும். பெரியவன் சாய்வு நாற்காலியைத் தூக்கி மாடிப்படிக்குக் கீழே போட்டான். அவள் அதைத் தேடியெடுத்து, இழுக்க முடியாமல் இழுத்து வந்து, பழைய இடத்திலேயே போட்டு, முந்தானையால் துடைத்து வைத்தாள். அவன் மீசையை எடுத்தான். அவள் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குங்க, எடுப்பா இருக்கு" என்று பயந்துபோய்ச் சிரித்தாள். ஓனராக இருந்தபோதாவது நாற்காலி போடச் சொல்வாள். இப்போது அவன் வந்தால் அவள் இருக்கிற அறையில் காற்றுக்கூட அசைவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அம்மாவின் தம்பி. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தொண்டை மட்டும் ஓய்வு பெறவில்லை.

"மாப்ளே! என்னடா இது, படியில ஏற ஆளுக்கு ஒரு ஏணி குடுப்பியா? உள்ள வரலாமா, டிக்கெட் எடுக்கணுமா?" என்று வாசலிலிருந்தே ஆரம்பித்தார். தூணைத் தட்டிப் பார்த்தார். கட்டிலில் உட்கார்ந்து ஆடிப் பார்த்தார். "அக்கா, எப்படி இருக்கே? மகாராணி மாதிரி வெச்சிருக்கானே உன் புள்ள!" என்றார். பேசிக்கொண்டே முற்றத்தைச் சுற்றி வந்தவர் சாமான் அறைக் கதவுக்கு முன்னால் வந்தார். பேச்சு பாதியில் நின்றது. எதிரில் கிடந்த நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு செருப்பைக்கூடப் போடாமல் விறுவிறுவென்று தெருவுக்குப் போய்விட்டார்.

பெரியவன் பின்னாலேயே ஓடினான். கட்டட வேலையில் மிஞ்சிய மணல் குவியல் பக்கத்தில் மாமா நின்றுகொண்டிருந்தார்.

"அந்தக் கதவை ஏண்டா வெச்ச?"

"அங்க இருந்துச்சே மாமா."

"இருந்துச்சு. அதுக்காக?"

"மாமா, அம்மா தினம் அந்தக் கதவைத் தொறக்கச் சொல்லிக் கெஞ்சறாங்க. என்னைப் பார்த்து நடுங்கறாங்க. இழுப்புங்கறாங்க, டைப் கிளாசுங்கறாங்க. எனக்கு ஒண்ணும் புரியலை. உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்க."

மாமா மணலைக் காலால் தள்ளிக்கொண்டே இருந்தார். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னார்.

"உங்க அக்கா காய்ச்சல்ல போகலைடா."

பெரியவன் ஓரடி கிட்டே வந்தான்.

"டைப் கிளாஸ் முடிஞ்சு லேட்டா வந்தா. எவன்கூடவோ நின்னு பேசினாள்னு ஒருத்தன் வத்தி வெச்சுட்டான். உங்கப்பா அவளை அந்த அறையில தள்ளித் தாழ்ப்பாளைப் போட்டாரு. 'நான் வந்து தொறக்கிற வரைக்கும் எவளும் கை வைக்கக் கூடாது'ன்னுட்டு, லாரியில லோடு ஏத்திக்கிட்டு வெளியூர் கிளம்பிட்டாரு. வெயில் காலம். ஜன்னல் கிடையாது. அவளுக்கு வேற இழுப்பு. அவர் வந்துதான் தொறந்தாரு."

தெருவில் ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது.

"வாளி..." என்றான் பெரியவன். "நான் வாளியில ஏறினேன் மாமா. எம்பி எம்பிக் குதிச்சேன். எட்டலை."

"தெரியும். உங்கம்மா ஒரு தடவை சொன்னா. அதுக்கப்புறம் அதைப்பத்தி வாயே தொறந்ததில்லை."

"எனக்கு எட்டலை. பாவம், அம்மாவுக்கும் எட்டியிருக்காது. அவ்வளவு உயரம்."

"எவ்வளவு உயரம்?"

பெரியவன் கையைத் தலைக்கு மேலே நீட்டிக் காட்டினான், தச்சரிடம் காட்டிய மாதிரியே. மாமா அந்தக் கையைப் பிடித்தார். மெதுவாகக் கீழே இறக்கினார். அவன் தோளுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"இங்கடா. உங்கம்மா நெத்திக்கு நேரா இருந்துச்சு. ஒரு விரலால தள்ளியிருந்தாத் தொறந்திருக்கும்."

"இல்லை மாமா, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு..."

"உனக்கு அஞ்சு வயசுடா! உனக்கு எல்லாமே உயரம்தான். அது சின்ன வீடு. அந்த வாசல் நிலையில தலை இடிச்சுக்காம நான் உள்ள போனதே கிடையாது. ஒத்தைக் கையால கட்டிப் பிடிக்கிற தூணு." மாமா வீட்டைப் பார்த்துக் கையை வீசினார். "இப்படி ஒரு வீடு எங்கயும் இருந்ததில்லை."

பெரியவன் திரும்பிப் பார்த்தான். பூச்சு ஈரம் காயாத சுவர்களோடு வீடு நின்றது. வாசல் நிலையில் அவன் மனைவி நின்றுகொண்டிருந்தாள். அந்த உயரத்துக்கு முன்னால் அவள் ஏதோ குழந்தை மாதிரித் தெரிந்தாள்.

"கதவையே கழட்டிடுங்க" என்றாள் அவள், எல்லாம் கேட்டபிறகு. "கதவு இருந்தாத்தானே?"

அம்மா குளிக்கும் நேரத்தில் அவனும் தம்பியும் சேர்ந்து கீலைக் கழற்றிக் கதவைப் பின்கட்டில் சாய்த்து வைத்தார்கள். தம்பி அன்று ஒரு தமாஷ்கூடப் பேசவில்லை. ஈரத் தலையோடு வந்த அம்மா வெறும் நிலையைப் பார்த்தாள். அந்த ஒரு கணம் பெரியவன் நம்பினான்.

"எடுத்துட்டுப் போயிட்டீங்களா?" என்றாள். பிறகு வீடே அதிரும்படி அலறினாள். "மூஞ்சியக்கூடக் காட்டாமத் தூக்கிட்டீங்களா? நான் பெத்தவ இல்லையா?"

அன்று முழுக்க அவள் அந்த நிலைக்குக் கீழே தரையில் கிடந்தாள். தண்ணீர்கூட இறங்கவில்லை. கதவு இருந்தால் மகள் உள்ளே உயிரோடு இருந்தாள். கதவு போனதும் செத்துவிட்டாள். மறுநாள் அவர்கள் கதவைத் திரும்ப மாட்டிய பிறகுதான் ஒரு வாய் கஞ்சி குடித்தாள். குடித்துவிட்டுக் கதவருகே போய்க் கையை நீட்ட ஆரம்பித்தாள்.

சாயங்காலம் மருமகள் அவளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். பெரியவன் தூணுக்குப் பின்னால், அவள் கண்ணில் படாமல் நின்றான். இப்போதெல்லாம் அவனுக்கு அதுதான் இடம்.

"ஏம்மா, நீ இந்த வீட்டுப் பொண்ணா?" என்று அம்மா கேட்டாள்.

"ஆமாம் அத்தை."

"ஒண்ணு சொல்றேன், அவர்கிட்ட சொல்லிடாத. தாழ்ப்பாளை மேல ஏத்திட்டாரு." அம்மா சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டாள். "முன்ன எனக்கு எட்டுச்சு. அப்பத் தொறக்கலை. இப்பத் தொறந்துடலாம்னு இருக்கேன், எட்டமாட்டேங்குது."

சீப்பு பாதியில் நின்றது. மருமகள் தூணைப் பார்த்தாள். தூணுக்குப் பின்னால் யாரும் இல்லை. பெரியவன் அப்போதே தச்சரைக் கூப்பிடப் போயிருந்தான்.

"இந்தத் தடவை எங்க முதலாளி? கூரையிலயா?" என்று வந்தார் தச்சர். அவன் முகத்தைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு, "சொல்லுங்க" என்றார்.

பெரியவன் தோளுக்கு நேராக விரலை வைத்தான். "இங்க. ஒரு விரலால தள்ளினாத் தொறக்கணும். எண்ணெய் போட்டுடுங்க."

தச்சர் தாழ்ப்பாளை இறக்கினார். மேலே இருந்த பழைய ஓட்டைகளை மரத்தூள் குழைத்து அடைத்தார். அடைத்த இடம் மட்டும் வெளிறித் தெரிந்தது.

மனைவிக்கு இது பிடிக்கவில்லை. "தொறக்கட்டும், வேண்டாங்கலை. அந்த நேரத்துல நீங்க எதிர்ல இருக்காதீங்க. கடைக்குப் போயிடுங்க."

"இருக்கணும். அப்பா எதிர்ல தொறந்தாத்தான் அவங்களுக்குத் தொறந்த மாதிரி. அந்தக் கதவு ஒருதடவை தொறந்துடுச்சுன்னா அவர் போயிடுவாரு. அவர் போனா அங்க நான்தானே மிச்சம்?"

அவன் கணக்கு அது. வீடு கட்டியும் வராத பெயர், கதவு திறந்தால் வரும்.

மறுநாள் மத்தியானம் அவன் சாய்வு நாற்காலியில் போய் உட்கார்ந்தான். பேப்பரை விரித்துக்கொண்டான். அம்மா வந்தாள். அவனைப் பார்த்ததும் தயங்கினாள். கதவைப் பார்த்தாள். தாழ்ப்பாள் நெற்றிக்கு நேராக இருந்தது. திரும்ப அவனைப் பார்த்தாள். அவன் பேப்பரில் ஒரு எழுத்தையும் படிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

தாழ்ப்பாள் நகர்ந்தது. எண்ணெய் போட்டிருந்ததால் சத்தமே வரவில்லை.

அவள் இருட்டுக்குள் போனாள். உள்ளே ஏதோ முணுமுணுத்தாள். வெளியே வந்தபோது அவள் வலது கை மூடியிருந்தது. ஒல்லியான ஒரு மணிக்கட்டைப் பிடித்திருக்கிற மாதிரி. அந்தக் கையை முன்னால் நீட்டி, தான் நடுவில் மறைத்துக்கொண்டு, நாற்காலியைத் தாண்டி முற்றத்தைக் கடந்தாள். "மெதுவா... மூச்சை இழுத்து விடு... அவ்வளவுதான், வந்தாச்சு" என்று சொல்லிக்கொண்டே போனாள். பின்கட்டுக் கதவைத் திறந்தாள். "ஓடிடு. திரும்பிப் பார்க்காத."

பிறகு தனியாகத் திரும்பி வந்தாள். நேராகப் பெரியவன் முன்னால் வந்து நின்றாள். கண்களை இறுக்கி மூடிக்கொண்டாள். கன்னத்தைக் கொஞ்சம் முன்னால் கொடுத்தாள்.

"தொறந்துட்டேன். என்ன பண்ணணுமோ பண்ணிக்கங்க."

அடுக்களை வாசலில் நின்ற மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியவன் கையை நீட்டினால் அடி என்று நினைப்பாள். சும்மா இருந்தால் இப்படியே நிற்பாள்.

"ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்றான் கடைசியில். "நல்லதுதான் பண்ணினே. போ."

ஒரு கண் மட்டும் திறந்தது. அவள் நம்பவில்லை. ஆனாலும் அடி விழவில்லை என்று தெரிந்ததும் தோள்கள் கொஞ்சம் இறங்கின. அப்போது அவளுக்கு ஏதோ ஞாபகம் வந்தது. அவசரமாக முற்றத்தின் பக்கம் திரும்பினாள்.

"பெரியவனே!"

அவன் கையிலிருந்த பேப்பர் நழுவியது. அதே குரல். அதே ராகம், கடைசியில் கொஞ்சம் தூக்கி. இதற்காகத்தான் மண்ணும் மரமும் இத்தனை நாளும்.

"பெரியவனே, எங்கடா ஒளிஞ்சிருக்க? அக்கா போயிட்டாடா. இனிமே குதிக்க வேண்டாம், வாளியை எடுத்து வெச்சுட்டு வா."

அவள் கண்கள் தூண்களின் அடியில் தேடின. பெஞ்சுக்குக் கீழே, மரப்பெட்டிக்குப் பின்னால், முழங்கால் உயரத்தில் தேடின.

"அம்மா! இங்கதாம்மா இருக்கேன்!" பெரியவன் எழுந்துவிட்டான்.

அந்தக் குரலில் அவள் வெலவெலத்துப் போனாள். ஓடிவந்து அவனுக்குக் குறுக்கே கைகளை விரித்தாள். "புள்ளைய ஒண்ணும் பண்ணாதீங்க! நான் சொல்லித்தான் அவன் வாளியில ஏறினான். எனக்குப் பயமா இருந்துச்சு, அவனை ஏத்திவிட்டேன். அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

பெரியவன் தரையில் உட்கார்ந்தான். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் தேடுகிற உயரத்துக்குத் தன்னைக் குறுக்கிக்கொண்டு, காலை மடக்கி, அவள் முகத்தை அண்ணாந்து பார்த்தான்.

"நான்தாம்மா பெரியவன்."

அவள் ஓரடி பின்னால் போனாள்.

"நீங்க ஏங்க கீழ உக்கார்றீங்க?" என்றாள் பதறி. "எழுந்திருங்க. யாராவது பார்த்தா என்னைத்தான் சொல்லுவாங்க."

அவன் எழுந்திருக்கவில்லை. அவள் அவனைச் சுற்றி விலகி, அறை அறையாகக் கூப்பிட்டுக்கொண்டு போனாள். "பெரியவனே... வாடா, அடிக்க மாட்டாங்கடா..." உயரமான நிலைகள் ஒவ்வொன்றாக அவளை விழுங்கின.

பெரியவன் தரையிலிருந்து நிமிர்ந்து பார்த்தான். தூண்கள் கட்டிப் பிடிக்க முடியாதவையாக எழுந்து நின்றன. முற்றம் ஓடினால் மூச்சு வாங்கும் தூரத்துக்கு நீண்டது. எதிரில் கதவு. தச்சர் இறக்கி வைத்த தாழ்ப்பாள் தலைக்கு மேலே, கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது.

அங்கிருந்து பார்த்தபோது, வீடு அச்சு அசலாக அதே வீடுதான்.